மாசி வீதி வீடுகள் யாருடையவை?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

சென்ற அக்டோபர் 2ஆம் நாள் எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட அணியினர் மேலமாசி வீதிக்குச் சென்றோம். கையில் துடைப்பமும் வாளியும் இருந்தன. வீதியைக் கூட்டி முடித்த பிறகு, அணியின் பொறுப்பாசிரியர் எங்களை 251-ஏ எண்ணுள்ள வீட்டின் முன் நிறுத்தி, "இந்த வீட்டைத் தெரியுமா?" என்று கேட்டார். பலருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். பஸ் நிலையத்திலிருந்து கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போயிருக்கிறேன். கீழே கதர்க் கடை, மேலே பழைய மாடி. அவ்வளவுதான் என் கண்ணில் பட்டது.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் மதுரைக்கு வந்த காந்தியடிகள் ராம்ஜி கல்யாண்ஜி என்பவரின் அந்த வீட்டு மாடியில்தான் தங்கினார். கதர் வாங்கக்கூடக் காசில்லாத ஏழைகளிடம் அன்னியத் துணியைக் கைவிடச் சொல்லிவிட்டு, தாம் மட்டும் முழு உடையில் திரிவது எப்படி என்று அவர் மனம் உறுத்திற்று. செப்டம்பர் 22ஆம் நாள் சட்டையையும் தொப்பியையும் களைந்து, அரையில் ஒரு முழத் துண்டோடு அந்த வீட்டிலிருந்து வெளியே வந்தார். அக்டோபர் 31 வரையிலாவது இந்தக் கோலம் என்றுதான் முதலில் அறிவித்தார். ஆனால் 1948இல் குண்டடி பட்டு விழும்வரை அந்தக் கோலம் மாறவில்லை. உலகமெங்கும் சிலையிலும் தபால்தலையிலும் நாம் காணும் காந்தியின் உருவம் நம் மாசி வீதி மாடி ஒன்றில் பிறந்தது!

இதைக் கேட்டு எல்லாரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையோடு நான் வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரை பிறந்திராது. திரும்பி வரும்போது அதே மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தைப் பார்த்தேன். அங்கே புதிதாக எழுந்த நாலு மாடிக் கட்டடத்தையும் பார்த்தேன். அது இருக்கும் இடத்தில் முன்பு ஒரு பழைய வீடு இருந்தது. அதை இடித்தவர்களில் என் தந்தையும் ஒருவர். கோடை விடுமுறையில் பதினோரு நாள் சித்தாளாகப் போன நானும் ஒருத்தி.

ஆகவே, நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே, பழைய வீடுகளைக் காக்க வேண்டும் என்று நான் இங்கே எழுதப்போவதைக் கை கழுவிக்கொண்டு உபதேசம் செய்பவளின் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கையில் அந்தச் சுண்ணாம்புத் தூசி இன்னும் இருக்கிறது.

இடித்தபோது கண்டவை

எங்கள் ஊர் சோழவந்தானுக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர். தாத்தா கொத்தனார், அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடியற்காலை பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் மதுரைக்கு வந்து, வேலைக்கு ஆள் எடுக்கும் முக்கில் நிற்பார்கள். முன்பெல்லாம் கட்டுகிற வேலைக்குக் கூப்பிடுவார்கள். இப்போது நகரின் நடுவில் கட்டுவதற்கு முன் இடிக்க வேண்டியிருக்கிறது. காலி மனை அங்கே ஏது?

அந்த வீடு தெருவிலிருந்து பார்த்தால் குறுகல்; உள்ளே போனால் நீளம். வாசலில் திண்ணை, பிறகு நடை, பிறகு வானம் பார்த்த முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அதற்கப்பால் இரண்டாங்கட்டு, கடைசியில் கிணறு. மேல்தளம் மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின் மேல் சன்னமான செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சல்லி போட்டு இடித்துக் கெட்டித்த ஒட்டு. வெளியே கத்திரி வெயில் கொளுத்திய நாளிலும் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்தபோது உடம்பு குளிர்ந்தது. மின்விசிறி இல்லை; மின் இணைப்பையே துண்டித்திருந்தார்கள். சுவரின் கனமும் முற்றத்தின் காற்றோட்டமும் செய்த வேலை அது.

முதல் நாள் கதவு, நிலை, உத்திரங்களைக் கழற்றினார்கள். அவை பழைய மரக் கடைக்கு வண்டியேறின. பிறகு சுவர். அப்பா கடப்பாரையை ஓங்கிப் போட்டார். அது துள்ளித் திரும்பியது. "சிமென்டுச் சுவருன்னா இந்நேரம் பொளந்திருக்கும் தாயி. இது கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. கட்டுனவன் கைய ஒடிக்காம விட்டானே!" என்று சிரித்தார். ஆனால் அன்று மாலை ஊர் திரும்பும் பஸ்ஸில் அவர் பேசவேயில்லை. தன் தொழிலில் தன்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் செய்த வேலையைக் கூலிக்காக உடைக்க நேர்ந்த தொழிலாளியின் மௌனம் அது என்று இப்போது விளங்குகிறது.

சமையற்கட்டுச் சுவரில் ஒரு மாடக்குழி இருந்தது. வெள்ளையடித்து வெள்ளையடித்து மேலே பல பூச்சுகள் ஏறியிருந்தும், அதன் உட்புறம் மட்டும் விளக்கெண்ணெய்ப் புகை படிந்து கருத்திருந்தது. எத்தனை அந்திகள், எத்தனை பெண்களின் கைகள்! அதை நான்தான் சம்மட்டியால் தட்டி விழச் செய்தேன்.

வேலை முடிந்த நாளில் மேஸ்திரி அப்பாவிடம் ஒரு தேக்குப் பலகையை, விளிம்பு அரித்தது என்று கழித்துப் போட்டதை, சும்மா கொடுத்தார். அது இன்று எங்கள் வீட்டுச் சுவரில் என் புத்தக அலமாரியாக இருக்கிறது. அந்தப் பதினோரு நாள் கூலியில்தான் என் பரீட்சைக் கட்டணமும் இரண்டு பாடப்புத்தகங்களும் வந்தன. இடித்த வீட்டின் பலகையில், இடித்த கூலியில் வாங்கிய புத்தகம்! இதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு மதிப்பில்லை.

நகரமே ஒரு வீடு

மதுரை தானாக வளர்ந்த ஊர் அன்று. திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஊர். நடுவே மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில். கோயிலுக்குள் ஆடி வீதிகள். வெளியே சித்திரை வீதிகள், ஆவணி மூல வீதிகள், மாசி வீதிகள் என ஒன்றைச் சுற்றி ஒன்றாகச் சதுரம் சதுரமாக விரியும் தெருக்கள். 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் இந்த அமைப்பு உருப்பெற்றது என்பர். தமிழ் மாதங்களின் பெயரால் தெருக்களை அழைக்கும் ஊர் இது. மாசி மாதத்துப் பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றிய பிறகும் மாசி வீதி மாசி வீதியாகவே நிலைத்தது. இன்றும் சித்திரைத் தேர் மாசி வீதியில்தான் ஓடுகிறது.

கடைசிச் சதுரம் வெளி வீதிகள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தபோது அவை உண்டாயின. அந்த வேலையில் பங்குகொண்டவர்களின் பெயர் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் நிற்கிறது. ஒரு மேஸ்திரியின் பெயரைத் தெருவுக்குச் சூட்டிய ஊர் இது என்று கேட்டபோது கொத்தனார் மகளான எனக்கு உள்ளம் பூரித்தது. ஆனால் அங்கும் இடித்ததற்காகத்தான் பெயர் கிடைத்திருக்கிறது என்பதையும் எண்ணிக்கொண்டேன்!

இடிப்பது எப்போதும் பாவம் என்று நான் சொல்லவில்லை. கோட்டை இடிந்ததால் ஊருக்குக் காற்று வந்தது. ஆனால் ஒரு தெருவின் அமைப்பு வெறும் வரைபடத்தில் இருப்பதன்று. இருபுறமும் நிற்கும் வீடுகளின் உயரமும், திண்ணையும், நிழலும் சேர்ந்ததுதான் தெரு. வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டால், எஞ்சும் சதுரம் போக்குவரத்துப் பாதை. மாசி வீதி அன்று.

எதைக் காக்கிறோம், எதை விடுகிறோம்?

நாம் எதையுமே காக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 1636ஆம் ஆண்டைச் சேர்ந்த திருமலை நாயக்கர் மகாலைப் பாருங்கள். முதலில் கட்டியதில் கால் பங்குதான் இன்று நிற்கிறது என்பார்கள். அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பொருள்களைப் பெயர்த்துக்கொண்டு போனார். எஞ்சியதை 19ஆம் நூற்றாண்டில் சென்னைக் கவர்னராயிருந்த நேப்பியர் பிரபு செப்பனிடச் செய்தார். நீண்ட காலம் மாவட்ட நீதிமன்றம் அங்கே நடந்தது. இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்ந்த தமுக்கம் அரண்மனை, கலெக்டர் மாளிகையாக இருந்து, 1959 ஏப்ரல் 15 அன்று நேருவால் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்துவைக்கப்பட்டது.

இந்தக் கட்டடங்களைப் பிழைக்க வைத்தது எது? வெறும் பக்தியா? இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. மகாலில் கோர்ட்டு நடந்தது. தமுக்கத்தில் கலெக்டர் வசித்தார், பிறகு அருங்காட்சியகம் வந்தது. மேலமாசி வீதி வீட்டில் கதர்க் கடை நடக்கிறது. வேலையுள்ள கட்டடம் நிற்கிறது. வேலையற்றுப் போனதன் கதியைக் காண வேண்டுமானால் மகாலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்து பத்துத்தூண் சந்துக்குப் போங்கள். அரண்மனையின் ஒரு பகுதியாக இருந்த பத்துப் பெருந்தூண்கள், தாங்குவதற்குக் கூரையின்றி, கடைகளுக்கு நடுவே நிற்கின்றன. அவற்றின் அடியில் வியாபாரம் நடக்கிறது. அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

மன்னர் கட்டியதற்குத் தொல்லியல் துறை உண்டு. மகான் தங்கியதற்கு மரியாதை உண்டு. ஆனால் மன்னரும் கட்டாத, மகானும் தங்காத வீட்டுக்கு யார் உண்டு? நாங்கள் இடித்த வீடு அப்படிப்பட்டது. காந்தியடிகள் அந்தச் சந்தில் தங்கவில்லை. அவர் தங்கிய வீட்டைக் கட்டியது போன்ற கைகள்தான் இதையும் கட்டின என்பதைத் தவிர அதற்குப் பெருமை ஏதும் இல்லை. ஆனால் மதுரை முழுதும் அப்படிப்பட்ட வீடுகளால் ஆனதுதானே?

கடல் கடந்த ஒரு பாடம்

எங்கள் வகுப்பில் சிமென்டைப் பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியர் ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவுக்கு மேற்கே ஹெலன்ஸ்பரோ என்ற ஊர். 1776இல் சர் ஜேம்ஸ் கஹூன் என்ற நிலப்பிரபு தம் மனைவி ஹெலன் பெயரால் தொடங்கி, சதுரங்கக் கட்டம் போல் தெரு வகுத்த ஊர். அங்கே 1902 முதல் 1904 வரை பிளாக்கி என்ற புத்தகப் பதிப்பாளருக்காகச் சார்லஸ் ரென்னி மாக்கின்டாஷ் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய வீட்டுக்கு ஹில் ஹவுஸ் என்று பெயர். அரண்மனை அன்று, ஒரு வியாபாரி குடும்பம் வாழ்ந்த வீடு. அந்நாட்டில் காக்க வேண்டிய கட்டடங்களுக்கு அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஏ, பி, சி என மூன்று வகை. இந்த வீடு ஏ வகை. பட்டியலில் ஏறிய வீட்டை உரிமையாளரே ஆனாலும் தம் விருப்பம்போல் இடிக்கவோ மாற்றவோ முடியாது. அனுமதி பெற வேண்டும்.

இதில் வேதியியல் எங்கே வந்தது? மாக்கின்டாஷ் அந்நாளில் புதுமையாயிருந்த போர்ட்லண்ட் சிமென்டால் வெளிப்பூச்சுப் பூசினார். அந்த ஊரில் ஓயாத மழை. சிமென்டுப் பூச்சில் மயிரிழை போல் வெடிப்பு விழுந்தது. வெடிப்பு வழியே உள்ளே போன நீர் திரும்பி வெளியே வர வழியில்லாமல் சுவருக்குள்ளேயே ஊறியது. நூறு ஆண்டுக்குப் பின் வீடு கரையத் தொடங்கிற்று. 1982 முதல் அதைப் பராமரித்துவரும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை 2019இல் ஒரு காரியம் செய்தது. முழு வீட்டையும் மூடும்படி இரும்புச் சட்டத்தால் ஒரு பெரிய பந்தல் போட்டது. மேலே கூரை, பக்கங்களில் இரும்பு வளையங்களைக் கோத்த வலை. மழையைப் பெரும்பாலும் தடுக்கும்; காற்றை விடும். சுவர் மெல்ல உலர வேண்டும் என்று நனைந்த பிள்ளையைத் தலை துவட்டுவது போல் காத்திருக்கிறார்கள்!

நாம் எழுதும் சமன்பாடுகள் இங்கே உயிர் பெறுகின்றன. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் கரியமில வாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. நீர் விட்டால் நீற்றுச் சுண்ணாம்பு. அதைச் சுவரில் பூசினால், போன வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. பழைய சுவர் நாளாக ஆக இறுகுவது அதனால்தான். அது நீராவியை உள்ளே வாங்கி வெளியே விடும். வெயிலுக்கும் மழைக்கும் சற்றே அசைந்து கொடுக்கும். அந்தச் சுவர்மேல் சிமென்டைப் பூசுவது, மூச்சு விடுகிறவன் வாயைப் பொத்துவது போன்றது. நம்மூர்ப் பழைய வீடுகள் பல ஒழுகுவதற்கும் உதிர்வதற்கும் முதுமை மட்டும் காரணமன்று; நல்லெண்ணத்தோடு செய்த சிமென்டு ரிப்பேரும் காரணம்.

இடித்த வீட்டிலிருந்து ஒரு துண்டுக் காரையைப் பையில் போட்டு வந்தேன். ஆசிரியர் அனுமதியோடு ஆய்வகத்தில் அதன்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டேன். நுரைத்துப் பொங்கிற்று. பொங்கி அடங்கியபின் மணலும் செங்கல் பொடியும் அடியில் தங்கின. சிவந்த அந்தப் பொடியைத் தாத்தாவிடம் காட்டினேன். எண்பதை நெருங்கும் அவருக்குப் பார்வை மங்கல். விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "சுர்க்கி. நல்லாச் சலிச்சுப் போட்டிருக்கான். செக்கு அரவையில அரைச்ச சுண்ணாம்பு. கடுக்காத் தண்ணியும் வெல்லமும் விட்டிருப்பான்" என்றார். ஆய்வகத்தில் நான் அரை நாள் செய்ததை என் தாத்தா அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார்! அப்பாவுக்கு அந்த வேலை தெரியாது. அவர் கொல்லற்றுக் கரண்டி பிடிக்கும் வயதில் சிமென்டு வந்துவிட்டது. தாத்தாவோடு அந்தக் கலவை எங்கள் வீட்டில் முடிகிறது.

வீட்டுக்காரர் பக்கம்

இதையெல்லாம் எழுதும்போது ஒரு முகம் என் முன் வருகிறது. நாங்கள் இடித்த வீட்டின் உரிமையாளர்களில் மூத்தவர், தினமும் காலையில் ஒருமுறை வந்து எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "ஏம்மா, இவ்வளவு நல்ல வீட்டை இடிக்கிறாங்களேன்னுதானே பாக்குற? எனக்கும் ஆசைதான் இருக்கணும்னு. பங்காளிங்க ஏழு பேர். மழை பெஞ்சா மூணு ரூம் ஒழுகும். ஒட்டு வேலைக்கு ஆளே கிடைக்கல. வாடகைக்கு விட்டா வர்ற காசு வரி கட்டவே சரியாப் போகுது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?" என்றார்.

அவருக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பழமையைப் போற்றுங்கள் என்று மேடையில் முழங்குகிறவர்கள் அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லிவிட்டு முழங்கட்டும். ஊருக்கெல்லாம் அழகு வேண்டும், அதன் செலவு மட்டும் ஏழு பங்காளிகள் தலையில் என்றால் அது நியாயமாகுமா? அப்பாவும் கேட்டார்: "நாம இடிக்கலைன்னா வேற ஆளு வந்து இடிப்பான் தாயி. அன்னைக்கு அடுப்பு எரியணுமா இல்லையா?" அதுவும் நியாயமே.

ஆகவே என் கருத்து இதுதான். காப்பது வீட்டுக்காரருக்கு நட்டமாகவும், இடிப்பது கொத்தனாருக்குப் பிழைப்பாகவும் இருக்கும்வரை எந்தச் சட்டமும் மாசி வீதியைக் காக்காது. கணக்கை மாற்ற வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவது, பட்டியல். மதுரையின் நான்கு மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளைக் கணக்கெடுத்து எழுத வேண்டும். என்ன இருக்கிறது என்றே தெரியாமல் எதைக் காப்பது? தமிழ்நாட்டில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் பழஞ்சின்னங்களைக் காக்கிறது. சென்னையில் 2010இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டிப் பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஒரு குழு அமைந்தது. 2012இல் பாரம்பரிய ஆணையச் சட்டமும் நிறைவேறிற்று. வழி இருக்கிறது. அந்த வழி அரண்மனை வாசலோடு நின்றுவிடாமல் சந்துக்குள்ளும் வர வேண்டும்.

இரண்டாவது, வீட்டுக்காரருக்குக் கைகொடுத்தல். பட்டியலில் ஏறிய வீட்டுக்குச் சொத்துவரியில் சலுகை, செப்பனிட மானியம். புதுச்சேரியில் வைசியாள் வீதியில் தமிழர் பாணி வீடுகளின் முகப்புகளை, செலவில் ஒரு பகுதியைத் திட்டம் ஏற்க, வீட்டுக்காரர்களே மீதியைப் போட்டுச் சீரமைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவுக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. இரண்டரை மணி நேர விமானத்தில் போய்ப் பார்க்க வேண்டிய ஊர் அன்று. ஓர் இரவு பஸ் பயணம்.

மூன்றாவது, வீட்டுக்கு வேலை கொடுத்தல். பூட்டிவைத்துப் பூசை செய்ய வேண்டா. முகப்பையும் முற்றத்தையும் மட்டும் காத்துக்கொண்டு, கீழே கடையும் மேலே குடியிருப்பும் நடக்கட்டும். 251-ஏ எண் வீடு அதற்குச் சாட்சி. கீழே வியாபாரம் நடப்பதால் மேலே உள்ள வரலாற்றுக்குத் தீட்டு வந்துவிடவில்லை.

நான்காவது, என் மனத்துக்கு மிக நெருக்கமானது. சுண்ணாம்பு வேலையை மீண்டும் கூலியுள்ள தொழிலாக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடமாக வைக்க வேண்டும். என் தாத்தாவைப் போன்றவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களை ஆசானாக உட்கார வைக்க வேண்டும். ஒரு வீட்டை இடிக்கப் பதினோரு நாள் கூலி. அதே வீட்டைச் செப்பனிடப் பல மாதக் கூலி கிடைக்குமே! அப்பா கேட்ட கேள்விக்கு இதுதான் நான் தேடிக் கண்ட பதில்.

நாம் செய்யத்தக்கது

அரசு செய்யட்டும் என்று கை கட்டி நிற்க வேண்டியதில்லை. கல்லூரியில் நாம் இத்தனை துறையினர் இருக்கிறோம். வரலாற்று மாணவர்கள் தெருத் தெருவாகப் போய் வீட்டுக்காரர்களிடம் கேட்டு எழுதலாம். தமிழ் மாணவர்கள் நிலை, உத்திரம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு, மாடக்குழி என்று வழக்கொழிந்துவரும் சொற்களை முதியவர்களிடமிருந்து திரட்டலாம். கணித மாணவர்கள் அளந்து வரையலாம். வேதியியல் மாணவர்களாகிய நாங்கள் காரையைச் சோதித்துச் சொல்கிறோம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் அடுத்த முகாமில் ஒரே ஒரு வீதியை எடுத்துக்கொண்டு தொடங்கினாலும் போதும். அந்த ஏட்டை நம் நூலகத்தில் வைப்போம். நாளை ஒரு வீடு இடிந்தாலும், அது இருந்தது என்பதற்கு ஒரு சான்றாவது மிஞ்சும்.

இந்தக் கட்டுரையை முதலில் அப்பாவுக்குத்தான் படித்துக் காட்டினேன். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முழுவதும் கேட்டார். "எங்களைப் பத்தி எழுதியிருக்கியே, காலேசுல எல்லாரும் படிப்பாங்களா?" என்றார். "படிப்பாங்கப்பா" என்றேன். சற்று நேரம் சுவரிலிருந்த அந்தத் தேக்குப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாத்தா படுத்திருந்த கட்டிலருகே போய் உட்கார்ந்து, "அய்யா, சுண்ணாம்புக்கு மணலு எத்தனைக்கு எத்தனை போடுவீங்க?" என்று கேட்டார்.

தாத்தா எழுந்து உட்கார்ந்தார். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.